வலது கால்

முதலாளியம்மா மண்டியிட்டபோது முழங்கால் மளுக்கென்றது. பாடகர் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

பெரிய வியாழன் பூசையில் யார் காலை யார் கழுவுவது என்று போன ஞாயிறே பாதிரியார் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தார். ஜவுளிக்கடை முதலாளியம்மாவுக்கு வந்தது, அவள் கடையையே கூட்டிப் பெருக்குகிறவள்.

பெருக்குகிறவள் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா. நீங்க போய் என் காலை..."

"பேசாம நீட்டு. ஆண்டவரே சீடர்கள் காலைக் கழுவக் குனிஞ்சிருக்கார், நான் என்ன பெரிய இவளா?"

குனிவது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கொடுத்துப் பழகிய கை. கூரைக்கு ஓடு, பிள்ளைகளுக்குப் பெஞ்சு என்று அந்தக் கோயிலில் அவள் பெயர் எழுதாத சுவரே இல்லை.

வலது கால் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. பெருக்குகிறவள் வீட்டிலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். குதிகால் வெடிப்பில்கூட ஒரு பொட்டு அழுக்கில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பாதத்தைத் தடவிக்கொண்டே போன முதலாளியம்மாவின் கை, கால் விரல்களில் நின்றுவிட்டது.

விரல்களெல்லாம் மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சுண்டுவிரலில் காய்ப்பு கல்லாய் இறுகியிருந்தது.

ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். துண்டால் ஒற்றினாள். குழந்தைக்குப் போடுவதுபோல் ஷூவை எடுத்துத் தானே மாட்டப் போனாள்.

பாதிப் பாதத்துக்கு மேல் ஏறவில்லை.

"குடுங்கம்மா. விரலை மடக்கி உள்ள விடணும். எனக்குப் பழக்கம்தான்."

முதலாளியம்மா ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்புத் தோல், பித்தளைக் கொக்கி. அவளுடையது. இதற்கு முந்தியதும் அவளுடையதுதான், அதற்கு முந்தியதும். புதுசு வாங்கும்போதெல்லாம் பழசைத் துடைத்து, பாலிஷ் போட்டு, பெட்டியில் வைத்தே கொடுப்பாள். இவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். பின்னால் வரிசை காத்திருந்தது.

"உனக்கு என்ன சைஸ்?"

பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்காத குரல்.

"தெரியாதும்மா," என்றாள் அவள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல. "கடையில போய் வாங்கினதில்ல."

முதலாளியம்மா ஷூவைக் கீழே வைத்தாள். அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் கட்டைவிரலை ஊன்றி, சாண் போட்டு அளக்கத் தொடங்கினாள்.