ஆளில்லாத கட்டத்துச் சீட்டு

தனிமங்களை வரிசைப்படுத்திய வாத்தியார், துத்தநாகத்தின் பக்கத்துக் கட்டத்தில் யாரையும் வைக்காமல் ஒரு சீட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார். "இனிமேல்தான் கண்டுபிடிப்பார்கள். தண்ணீரைவிட ஆறு மடங்கு கனம்" என்று அதில் எழுதியிருந்தது.

"பொறக்கவே இல்லை, அதுக்குள்ள ஜாதகமா!" என்று துத்தநாகம் விழுந்து விழுந்து சிரித்தது.

சில வருஷம் கழித்து, பாறையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புது உலோகம் அந்தக் கட்டத்துக்கு வந்தது. பெயர் காலியம். சீட்டைப் படித்ததும் அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தப்பு! இப்பத்தான் என்னை எடை போட்டாங்க. அஞ்சு மடங்குகூட இல்லை. என்னைப் பார்க்காத ஆளு எப்படி எழுதலாம்?"

"விடாதே தம்பி, மறுபடி நிறுக்கச் சொல்லு" என்றது துத்தநாகம்.

இந்தத் தடவை அழுக்கெல்லாம் நீக்கி நிறுத்தார்கள். கிட்டத்தட்ட ஆறு.

துத்தநாகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலியம் தன் உடம்பையே வேறு யாருடையதோபோலப் பார்த்தது. பிறகு கேட்டது.

"அண்ணே, நான் எப்ப உருகுவேன்னும் அதுல இருக்கா?"

துத்தநாகம் சீட்டின் கடைசி வரியைப் படித்தது. ஜன்னல் வெயில் காலியத்தின்மேல் படாதபடி நகர்ந்து நின்றுகொண்டது.