ஏழாவது இடத்து அளவு

நான்காவது தடவையாகக் குழாயைப் பனிக்குள் இறக்கினார் சிவராமகிருஷ்ணன்.

முதல் மூன்று தடவையும் அது பாறையில் இடித்தது. ஆள்மேல் இடிக்கவில்லை என்பது நல்ல செய்தி. கெட்ட செய்தியும் அதேதான்.

செல்வராஜின் சறுக்குக்கட்டைத் தடம் இரண்டு கோடாக வந்து, சரிந்து கிடந்த பனிமேட்டின் ஓரத்தில் முடிந்திருந்தது. மேட்டின் அந்தப் பக்கம் தடமே இல்லை. இருவரும் இரவு தங்கவேண்டிய கேபின் இன்னும் அரை மைல் தள்ளி என்பது சிவராமகிருஷ்ணன் கணக்கு. இடையில் பாதி மலை கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்ததுபோல.

பனிக்கு அடியில் மாட்டியவனுக்குக் கால் மணி நேரம் என்பார்கள். ஒன்பது நிமிடம் போய்விட்டது.

சியரா மலை, குளிர்காலத் தண்ணீரையெல்லாம் பனியாக மூட்டை கட்டி வைத்து, ஏப்ரலுக்குமேல் அவிழ்த்துவிடும். மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று குழாயால் குத்தி, உள்ளே ஏறிய பனியை எடைபோட்டுச் சொல்வது இந்த இருவரின் வேலை.

போன வருஷம், மலையில் குறித்துவைத்த இடங்களில் ஏழாவது இடத்தின் அளவு பத்து அங்குலம் கூடுதலாக ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை நம்பி அணையைத் திறந்துவிட்டார்கள். மே மாதம் வரவேண்டிய தண்ணீர் வரவில்லை.

அளவு எடுத்தவர் செல்வராஜ். தப்பு என் கண்ணில்தான் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். புதுக் கண்ணாடி போட்டார். லிவர்மோர் கோயிலில் கண்ணுக்காக அர்ச்சனைகூடச் செய்தார். தேங்காயில் ஒரு மூடி சிவராமகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தது. சட்னி நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தோடு செல்வராஜுக்கு மலை வேலை கிடையாது. ஆபீசில் ஃபைல் அடுக்கப் போகவேண்டும்.

பத்தடி. பன்னிரண்டு. பதினான்கு.

திடீரென்று குழாய் ஒரு முழம் வெறுமையில் நழுவி இறங்கியது.

கீழே வெற்றிடம் இருந்தால் ஒரு ஆள் மூச்சுவிட இடம் இருக்கிறது. குழாயை உருவி, உள்ளே ஏறிய பனியைத் தட்டி உதறி, அதே துளையில் மறுபடி இறக்கினார். அதில் வாயை வைத்துக் கத்தினார்.

"செல்வா! உயிரோட இருக்கியாடா?"

காற்று மட்டும் ஊதியது.

பதினோரு நிமிடம். ரேடியோ செல்வராஜின் பையில். கையில் இருந்த சின்ன மண்வெட்டியால் பதினான்கு அடி தோண்டுவதற்குள் இருட்டிவிடும்.

"கேக்குதோ இல்லையோ, சொல்லிடறேன். உன் கண்ணு நல்ல கண்ணுடா! நீ எடுத்த ரீடிங் கரெக்ட். நான்தான் லஞ்ச் சாப்பிடறப்ப நோட்டுமேல புளிசாதத்தைக் கொட்டிட்டேன். எண்ணெய்ல ஏழாவது நம்பர் மட்டும் அழிஞ்சுபோச்சு. மறுபடி ஏற முட்டி விடல. நானா ஒரு நம்பர் போட்டு வேற பேப்பர்ல காப்பி பண்ணிட்டேன். நீ கார்ல பாக்காமயே சைன் பண்ணே. விசாரணைல வாயத் திறக்கலாம்னு பாத்தேன், திறக்கல. செல்வா... டேய்..."

குழாயின் அடியிலிருந்து, பக்கத்து அறையில் பேசுவதுபோலத் தெளிவாக வந்தது குரல்.

"கத்தாத சிவா. நீ நிக்கறது நம்ம கேபின் கூரைமேல. நான் உள்ள வந்து கதவச் சாத்தினப்பறம்தான் சரிஞ்சுது. உன் குழாய் சிம்னி வழியா அடுப்புக்குள்ள வந்திருக்கு. பதில் சொல்லலாம்னு நான் கிட்ட வர்றதுக்குள்ள நீ என்னமோ சொல்ல ஆரம்பிச்சுட்டே. இப்ப மெதுவா, மொதல்லேருந்து சொல்லு. பேப்பர் எடுத்துட்டேன்."

சிவராமகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு நிமிடம்.

அப்புறம் குழாயைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். உருவினால் கொஞ்ச நேரத்தில் துளை தானாக மூடிக்கொள்ளும்.

குனிந்தார். எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொல்ல ஆரம்பித்தார்.