இழுப்பறையில் ஒட்டிய முடி

தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டு, மேசை இழுப்பறையின் இடுக்கில் குறுக்காக ஒட்டினாள் எழுத்தாளரம்மா. யார் திறந்தாலும் முடி விழுந்துவிடும். விடிந்தால் திருடர் கையும் களவுமாக மாட்டுவார்.

பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றால், அது நடக்காது. அவள் வீட்டுக்காரர் பூட்டுக் கடை வைத்திருப்பவர். ஊர்ப் பூட்டெல்லாம் அவரைக் கண்டதும் வாயைப் பிளக்கும்போது, வீட்டு இழுப்பறைக்கு மட்டும் என்ன வைராக்கியம் வந்துவிடப் போகிறது?

வாரப் பத்திரிகையில் அவள் எழுதும் கொலைத் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகத்தான் கோளாறு. அத்தியாயம் அச்சேறும் முன்பே அதைப் பற்றி வாசகர் கடிதம் வந்துவிடுகிறது, அதுவும் அவள் பேட்டைத் தபால் முத்திரையோடு.

அன்று மாலைதான் ஆசிரியர் போன் செய்திருந்தார்.

"கொலைகாரி அண்ணிதான்னு தெரிஞ்சதும் சோறே இறங்கலன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. எனக்கே இன்னும் தெரியாதேம்மா! அந்த அத்தியாயத்த நீங்க அனுப்பவே இல்லையே?"

"வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கு சார். நான் பாத்துக்கிறேன்."

"என்னம்மா, தொண்டை கட்டியிருக்கு?"

"எழுதுற நாள்ல இப்படித்தான் சார்."

"சரி, போனது போகட்டும். கொலைகாரிய மாத்துங்க. புது முடிவும் வெளிய போச்சுன்னா தொடர நிறுத்திடுவேன். கதைய வச்சுக்கிட்டு ஒருத்தர் வாசல்லயே நிக்கிறார்."

பதினோரு வருஷம் துணுக்கு எழுதியே தேய்ந்த கைக்குக் கிடைத்த முதல் தொடர் அது. விடுவாளா?

காலையில் எழுந்ததும் இழுப்பறையைப் பார்த்தாள். அதே இடத்தில் அதே முடி. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். அவளோ கொலைக் கதை எழுதுகிறவள். 'எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்! வியாபாரி மூளையாச்சே!'

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பாதியில் இழுத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. யாருகிட்ட சொன்னீங்க?"

"எதை?"

"அண்ணிதான் கொலை பண்ணினதுன்னு."

"ஐயையோ! யாரு, எங்க அண்ணியா?"

"கதையில வர்ற அண்ணி!"

"அப்பாடா! ஆனா பொருத்தமாத்தான் இருக்கும்."

"பேச்ச மாத்தாதீங்க. இந்த வீட்டுல எந்தப் பூட்டுக்கு உங்ககிட்ட மாத்துச் சாவி இல்ல?"

"நான் பூட்டு விக்கிறவன்டி, உடைக்கிறவன் இல்ல. காலையில ஒம்பதுக்குப் போய் ரெண்டு மணிக்கு வர்றேன். உன் கதைய நான் படிச்சதே கிடையாது. அதுக்கு வேணும்னா கேஸ் போடு."

"திருடனும் இதைத்தான் சொல்லுவான். கடைசி அத்தியாயம் அச்சாகுற வரைக்கும் கடையிலயே படுத்துக்குங்க."

மனிதர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவளுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் தொடர் முக்கியம்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு உலகம் கிடையாது. போன மாதம் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர். தன் செருப்பே மிதந்து வந்து காலில் இடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். அப்போதும் அந்தச் செருப்பைக் கதையில் எங்கே சேர்க்கலாம் என்றுதான் யோசித்தாள்.

இன்றைக்குக் காகிதமே வேண்டாம் என்று முடிவு கட்டினாள். எழுதினால்தானே திருட்டு? பேனாவை மூடி, கண்ணையும் மூடி, கடைசி அத்தியாயத்தை மனசுக்குள்ளேயே நடத்திப் பார்த்தாள். அண்ணியை விடுவித்தாள். யாருமே சந்தேகப்படாத குடும்ப வக்கீலைக் கூண்டில் ஏற்றினாள். அவன் மறுத்தான், மழுப்பினான், கடைசியில் கதறினான்.

கண் திறந்தபோது மணி ஒன்று. தாள் வெள்ளை வெளேரென்று கிடந்தது. இனி திருட வேண்டுமென்றால் என் மண்டையைத்தான் உடைக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டாள்.

தைக்கக் கொடுத்த ரவிக்கை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு நேர் கீழே தையல் கடை. இறங்கிப் போனாள்.

பெஞ்சில் ஆறு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையிலும் துணி இல்லை. இவளைப் பார்த்ததும் கடையே கப்சிப். ஓரத்தில் இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள் தையற்காரி. "அந்த வக்கீலு புள்ளகுட்டிக்காரராச்சே!"

வக்கீல் விவகாரம் எந்தக் காகிதத்திலும் இல்லை. எந்தச் சாவியாலும் திறக்க முடியாத இடத்தில் அல்லவா இருந்தது!

"உனக்கு யாரு சொன்னது? எங்க வீட்டுக்காரரா?"

"அண்ணனா? அவருதான் காலையிலயே தலையணையோட போயிட்டாரே! அவருக்கு என்னக்கா தெரியும்?"

"அப்புறம் யாருடி சொன்னது?"

தையற்காரி மிஷினை நிறுத்திவிட்டு, குழப்பத்தோடு அவளை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்குக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா உக்காந்து எழுதுங்கக்கா, வக்கீல் மாதிரி நீங்க அழுதுகிட்டே பேசினதுல பாதி கீழ கேக்கவே இல்ல!"