அடுத்த படகு

"வீடு குடுக்கிற அதிகாரி கேட்டா நான் யாருன்னு சொல்லுவே?"

"துயெத் சித்தி."

தொடையில் சுள்ளென்று அடி விழுந்தது. "அம்மான்னு சொல்லுடி! சித்தின்னா உன்னைப் புடுங்கிட்டுப் போய்க் காப்பகத்துல விட்டுடுவாங்க. வீடும் கிடைக்காது."

ஐந்து வயது லியூ அழுகையை விழுங்கினாள். வியட்நாமிலிருந்து படகில் தப்பி, முகாமில் கிடந்து, கனடாவின் அகதி விடுதிக்கு அவர்கள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

கதவு தட்டப்பட்டது. துயெத் போய்த் திறந்தாள்.

அதிகாரியம்மாள் குனிந்து கேட்டதைக் கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "இவங்க உனக்கு யாரு, கண்ணு?"

லியூ துயெத்தின் கையையே பார்த்தாள். "அம்மா."

அதிகாரியம்மாள் சிரித்தபடி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"பொய் சரியாச் சொன்னேனா, சித்தி?"

துயெத் அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். துயெத்தின் கணவன் போரில் தோற்றுப்போன தென் வியட்நாம் ராணுவத்தில் இருந்தவன். அவன் மனைவி பிள்ளையோடு தப்புவது தெரிந்தால் ஜெயில்தான். அந்தப் பயத்தில், மூன்று வயதிலேயே பெற்ற மகளை அடித்து அடித்து 'சித்தி' என்று கூப்பிட வைத்தவள் அவள்தான்.

"நான் நிஜமாவே உன் அம்மாடி!"

"அதிகாரி போயாச்சு சித்தி, பயப்படாதே" என்றாள் லியூ, ரகசியக் குரலில். "அம்மா அடுத்த படகுல வருவான்னு நீதானே சொன்னே? எப்ப வருவா?"