ருசி கூடிய பத்து நாள்

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, மகன், மருமகள், பத்து நாள் முன்பு வந்து தங்கிய பெரியப்பா.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகமும் பழுது. மருத்துவர் உப்பை நிறுத்தியதிலிருந்து மருமகள் எலுமிச்சை, பூண்டு, மிளகு வைத்தே சமைத்துவந்தாள்.

"இப்பல்லாம் சாப்பாடு வாய்க்கு நல்லா இருக்கும்மா," என்றார் அப்பா.

"நான் எதையும் மாத்தலையே மாமா."

"எங்களுக்குத் தெரியாம உப்புக் கடத்துறியா?" மகன் சிரித்தான். பெரியப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மறுநாள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி அப்பாவின் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் முணுமுணுத்தார்கள். மருமகள் உப்பைப் போட்டே மாமனாரை முடித்துவிட்டாளாம். மகன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்த சிறு டப்பாவை எல்லோரும் பார்க்க மேசைமேல் வைத்தார். பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பு. அடியில் பொடி எழுத்தில், 'சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது.'

"அவ ஒரு சிட்டிகை உப்புகூடப் போடல. சோடியம் கம்மிதானேன்னு தம்பி கிண்ணத்துல தினமும் இதைக் கலந்தவன் நான்."