தறி ஓடாத நேரம்

கதவு சாத்தியிருந்தது. அவன் போனைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றான்.

கரண்டு போய்விட்டது. பக்கத்துக் குடோனில் தறிகள் நின்றுவிட்டன. வீட்டு வைஃபையும் போயிற்று.

"மாமா, உங்க போன்ல இருந்து நெட்டு குடுங்க. யாராச்சும் கூப்பிட்டா எடுக்காதீங்க, கட்டாயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் மனைவி பூங்கொடி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வாரம் ஒரு மதியம் இது நடக்கும். மார்பில் புற்றுநோய் வந்து, வைத்தியம் முடிந்து மீண்டவர்களிடம் சென்னையிலிருந்து ஒரு மேடம் வீடியோவில் பேசுவார். மனசுக்கு நல்லது என்று ஆஸ்பத்திரிக்காரர்களே அவளை அதில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

மனைவி என்ன பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. தறி ஓடும்போது அந்த வீட்டில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.

தறிச் சத்தத்துக்காகக் கூட்டி வைத்திருந்த போன் ஒலியை அவள் இன்று குறைக்க மறந்திருந்தாள்.

"எப்போ கவனிச்சீங்க, பூங்கொடி?" மேடத்தின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"தலைக்கு ஊத்தறப்பங்க. அக்குள் பக்கம். சோப்புப் போடறப்ப கையில கட்டி மாதிரி தட்டுப்பட்டுச்சுங்க."



"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"வீட்டுக்காரர்கிட்ட?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"சொல்லலீங்க. போன தடவை ரிசல்ட் சொன்னப்ப டாக்டர் ரூம்லயே மயங்கி உளுந்துட்டாருங்க. என்னைய விட்டுட்டு எல்லாரும் அவருக்குத் தண்ணி தெளிச்சாங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பயமா இருக்குதுங்க மேடம். இந்தத் தடவை எனக்கு யாராச்சும் தண்ணி தெளிக்கோணும்."

கையில் போன் அதிர்ந்தது. நூல் வியாபாரி. எடுக்காமல் வெட்டிவிட்டான்.



வெளியே தறி ஓட்டுகிறவர்கள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். அங்கே போய் நின்றுவிட்டால் போதும் என்றிருந்தது. கால் நகரவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. அவள் சேலை மாற்றினால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவான். படுத்தால் சுவரைப் பார்த்துப் படுப்பான். அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிவைத்திருந்தான்.

பயம்தான். பார்க்காமல் இருந்தால் அது திரும்பி வராது என்று ஒரு நினைப்பு.

உள்ளே மேடம் கேட்டார். "அது பெருசாகிற மாதிரி தெரியுதா?"

பதில் வருவதற்குள் அவன் ஹாட்ஸ்பாட்டை அணைத்தான்.

ஏன் என்று தெரியவில்லை. விரல் தானாகச் செய்துவிட்டது.

"மேடம்? மேடம்?"

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது.

"நெட்டு கட்டாயிருச்சுங்க மாமா..."

பூங்கொடி அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு குடோன் பக்கம் திரும்பினாள்.

"தறி ஓடலயே" என்றாள் மெதுவாக.

"எங்க?" என்று கேட்டான். மறுபடியும் கேட்டான். "எங்க, காட்டு."

பூங்கொடி அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கதவைச் சாத்தினாள்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து முந்தானையை விலக்கினாள். ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினாள்.

நெஞ்சிலிருந்து அக்குள் வரை ஒரு கோடு. இழுத்துத் தைத்த தோல். ஓரத்தில் லேசாகப் பளபளத்தது. இவ்வளவு காலம் அவன் கண்ணை மூடினால் வந்துகொண்டிருந்தது இதைவிடப் பயங்கரமாக இருந்தது.

அவன் விரல்களை எடுத்து அக்குளுக்குக் கீழே வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல."

பாவு நூலில் முடிச்சு தேடிப் பழகிய விரல்கள். தேடாமல் இருக்க அவற்றுக்குத் தெரியாது. ஒண்ணுமில்லை என்று சொல்வதற்கு வாய் தயாராக இருந்தது.

பூங்கொடி தன் உடம்பைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் நின்றது.

முகத்தை மாறாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் கண்கள் மாறியதிலிருந்து, முடியவில்லை என்று தெரிந்தது.

"உக்காருங்க மாமா."

"வேண்டாம்." தோளைச் சுவரில் முட்டுக் கொடுத்து நின்றான். "இப்பவே கெளம்பலாம். கோயமுத்தூர் போயிரலாம்."

"இந்நேரத்துக்கு டாக்டர் இருப்பாருங்களா?"

"வர்ற வரைக்கும் உக்காந்திருக்கலாம்."

"குடோனு?"

"கெடந்துட்டுப் போகுது."

அவள் நெற்றியை அவன் தோளில் வைத்தாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அல்லது அவனுடையது.

மறு கையால் தடவித் தடவி, அணைத்த ஹாட்ஸ்பாட்டைத் திரும்பவும் போட்டான்.

கட்டிலில் மல்லாந்து கிடந்த அவள் போனில் வட்டம் சுற்றியது. பிறகு குரல் வந்தது.

"பூங்கொடி? லைன்ல இருக்கீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"இருக்கறமுங்க மேடம்" என்றான் அவன்.

கட்டியின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.