பின்னறைக்காரர்

பின்னறைக் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் நஞ்சுண்டன். வாசலில் மேட்டுப்பாளையத்து வேன் வந்து நின்றது.

மகள் மோகனப்பிரியாவுக்கு இன்று உப்பு சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்கிறார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் போய்ச் சம்பந்திகளைக் கும்பிட்டு அழைத்து வந்தார். இந்தக் கணபதி ஊருக்கு வந்து பட்டறை வைத்த பதினேழு வருஷத்தில் அந்த மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, மாப்பிள்ளையின் அம்மா பத்மாவதி கை கழுவப் பின்பக்கம் போகும்வரை. போனவர் பூட்டிய அறையின் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க! அந்த ரூம்பு செவுரு பூராவும் என்னென்னமோ வரைஞ்சு வெச்சிருக்குதுங்க. மோட்டார் பம்புக்கு மொகம் இருக்குது, கெணத்துக்குள்ள ரயிலு போகுது! கூரை வரைக்கும் ஒரு சாண் எடம் உடலைங்க!”

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியங்கிரி பாக்கு மண்டிக்காரர். கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“அப்ப கடை வீதியில பேசிக்கிட்டது நெசந்தானுங்களா? உங்க தம்பி ஒருத்தரு புத்தி பேதலிச்சு உள்ளயே கெடக்கறாருன்னாங்க. உங்க சொந்த ஊரு கோபியில சொந்தபந்தத்துகிட்ட விசாரிச்சப்ப, தம்பியப் பத்தி ஒருத்தரும் மூச்சு உடலைங்களே. எல்லாருமாச் சேந்து மறைச்சுப்போட்டீங்க.”

கடை வீதிப் பேச்சு நஞ்சுண்டன் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் அதை மறுத்ததில்லை. இப்போதும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

“புத்தியெல்லாம் பேதலிக்கலைங்க. வரையாட்டி சோறு எறங்காது, அவ்வளவுதான்.”

“சோறு எறங்காட்டி டாக்டருகிட்டயல்ல காட்டோணும்? செவுத்துகிட்டக் காட்டுனா?”

சபையில் யாரோ சிரித்தார்கள். பத்மாவதி சிரிக்கவில்லை. நஞ்சுண்டனின் மனைவி மயிலாத்தாளின் பக்கம் சாய்ந்து, “கவலைப்படாதீங்க அம்மணி. எங்கூரு அம்மன் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிப்போடறேன். வரையறவரு பேர மட்டும் சொல்லுங்க” என்றார்.

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தார். “பேர நான் எப்படீங்க சொல்றது...”

“பாவம், பேரச் சொல்லவே நாக்குக் கூசுது பாருங்க!”

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார். “பொண்ணு தங்கமுங்க. அதனால ஒரு வழி சொல்றேன். நாளைக்கே ஆளனுப்பி அந்த ரூம்புக்கு நானே சுண்ணாம்பு அடிச்சுத் தாறேன். நீங்க இந்தச் சபையில ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க, எனக்குத் தம்பியே கெடையாதுன்னு. ஒடனே உப்பு சக்கரை மாத்திக்கலாம்.”

“சுண்ணாம்பு அடிச்சே தீரோணுமுங்களா?”

“பின்ன? அந்தக் கிறுக்கல வெச்சுக்கிட்டுக் குடும்ப மானத்த எப்படீங்க காப்பாத்துவீங்க?”

உப்பும் சர்க்கரையும் தட்டில் தயாராக இருந்தன. இருபது பேர் நஞ்சுண்டனின் வாயையே பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார்.

மோகனப்பிரியா காபித் தட்டைக் கீழே வைத்தாள். “எனக்காக யோசிக்காதீங்கப்பா. கதவத் தொறந்துபோடுங்க.”

நஞ்சுண்டன் எழுந்தார். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கதவுகள் இரண்டையும் சுவரில் மோதும்படி தள்ளினார்.

“எல்லாரும் உள்ள வாங்க. செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க.”

உள்ளே கட்டில் இல்லை, பாய் இல்லை, ஆளும் இல்லை. நான்கு சுவர்களிலும் கூரையிலும் காவியும் கரியும் துணிக்குப் போடும் நீலமுமாக உருவங்கள் நெருக்கியடித்து நின்றன. வடக்கு மூலையில் ஒரு பம்பின் முகத்துக்கு இன்னும் ஒரு கண் பாக்கி இருந்தது.

வெள்ளியங்கிரி கதவுக்குப் பின்னாலும் பார்த்தார். “எங்கீங்க உங்க தம்பி?”

நஞ்சுண்டன் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். நீலம் கரைத்த கொட்டாங்குச்சியை மயிலாத்தாள் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“நீங்க சொல்லச் சொன்னதச் சபையிலயே சொல்றேனுங்க,” என்றார் நஞ்சுண்டன். “எனக்குத் தம்பியே கெடையாதுங்க.”